இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னது

லீட்ஸ் நகரத்துக் கருத்துக்கணிப்பு நிறுவனம் லொரெய்ன் பிக்கர்ஸ்கில்லை மூன்று நாள் வேலைக்கு அனுப்பி வைத்த கடை, அவள் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அதே கடை. அனுப்பியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை.

பிரிட்லிங்டன் துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற டன்ஸ்லி சூப்பர்மார்க்கெட்டில் ஒரு காலத்தில் ஒன்பது பில் கவுண்டர்கள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏழைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டு, வாங்குபவரே பொருளைக் காட்டிப் பணம் கட்டிப் போகும்படி எட்டு மிஷின்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லொரெய்னோடு சேர்த்து பதினொரு பேர் ஒரே வெள்ளிக்கிழமையில் கேக் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சிய இரண்டு கவுண்டர்களில் ஒன்றுக்குத்தான் ஆள் உண்டு. ஜாய்ஸ். அதுவும் மாலை நான்கு மணி வரைக்கும்தான். இன்னொன்றின் மேல் பூச்செண்டு வாளிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டும் தொங்க லொரெய்ன் கடை வாசலுக்கு உள்பக்கம் வந்து நின்றதும் ஜாய்ஸ் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, நீயா! உன்னைய எப்படி உள்ள விட்டாங்க?"

"அட்டையப் பாரு. இப்ப நான் ஆராய்ச்சி பண்றவ. மரியாதையாப் பேசு."

"என்ன ஆராய்ச்சி?"

"மிஷினப் பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு."

ஜாய்ஸ் கையிலிருந்த முட்டைக்கோஸை அப்படியே தராசில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதுக்கு ஆராய்ச்சி வேணுமா? அரை நாள் என் பக்கத்துல வந்து நில்லு. காது புளிச்சுரும்."

லொரெய்னும் அதை நம்பித்தான் வந்திருந்தாள். ஊரே மிஷினைத் திட்டும், அதை ஒன்றுவிடாமல் எழுதி லீட்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் டேப்பைத் திறந்து முதல் கேள்வியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துபோனது. 'எங்கள் தானியங்கி பில் வசதி எதனால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது?' என்று கேட்டிருந்தார்கள். கீழே மூன்று கட்டங்கள்: வேகம், தனிமை, எல்லாம் என் கட்டுப்பாட்டில். நான்காவது கட்டம் கிடையாது. மூன்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

முதலில் மாட்டியவள் குடையை மடக்கிக்கொண்டே வந்த ஒரு பெண்மணி.

"எதனாலயும் பிடிக்கலம்மா," என்றாள்.

"அதுக்கு இதுல இடமில்லையே."

"அப்ப எதுக்குக் கேக்குற?"

லொரெய்ன் டேப்பை நீட்டினாள். அந்தப் பெண்மணி ஏதோ ஒன்றைத் தொட்டுத் தொலைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவரும் அப்படியே. பத்து மணிக்குள் ஆறு பேர் 'வேகம்' என்பதைத் தொட்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் தொடும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இரண்டு பேனாவும் எடுத்து வந்து ஜாய்ஸிடம் பில் போட்டாள். "எதுக்கு இது?" என்றாள் ஜாய்ஸ். "நாலாவது கட்டம்," என்றாள் லொரெய்ன். முதல் ஆறு பேரில் இன்னும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்தாள். வெளியே போனவர்களைக் கார் நிறுத்தும் இடம்வரை ஓடிப்போய் நிறுத்தினாள்.

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டாள். முதலில் டேப், அது சம்பளத்துக்கு. பிறகு நோட்டு. "இப்ப உங்க வாயால சொல்லுங்க," என்பாள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவாள், வாசித்துக் காட்டுவாள், வெளியே யாரிடமாவது படிக்கலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவாள். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு முதலெழுத்து மட்டும். கடைசியாகத் தன் சொந்தக் கேள்வி ஒன்று: மிச்சமிருக்கிற இரண்டு கவுண்டரையும் எடுத்துவிடலாமா?

ஜனங்கள் பேசினார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருடமாகக் காத்திருந்த மாதிரி பேசினார்கள்.

"நானே எடுத்து, நானே காட்டி, நானே பையில போட்டு, நானே பணம் கட்டுறேன். கடைசியில 'எங்களுடன் ஷாப்பிங் செய்ததற்கு நன்றி'ங்குது. யாரு யாருகூட செஞ்சா?" என்றார் ஒரு பிளம்பர்.

"என் வீட்டுக்காரர்கூட எனக்கு நன்றி சொன்னதில்ல. அது சொல்லுது. நான் மிஷின் பக்கம்," என்றாள் தலையில் துண்டு கட்டிய ஒருத்தி.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி குரலைத் தாழ்த்தினாள். "ஜாய்ஸ் பேரன் என் வகுப்புல இருக்கான். வாரத்துக்கு எத்தனை ஒயின் பாட்டில் வாங்குறேன்னு ஜாய்ஸுக்குத் தெரிய வேண்டாம் பாருங்க."

இன்னொருத்தன், பெயர் நிச்சயமாக வேண்டாம் என்றவன், கடையில் விற்கிற எந்தப் பழத்தையும் மிஷினில் விலை குறைந்த வெங்காயம் என்று அழுத்திவிட்டுப் போவதாகச் சொன்னான். "ரெண்டு வருஷமா நான் வெங்காயம் மட்டும்தான் திங்குறேன், அவங்க கணக்குப்படி." அதையும் எழுதிக்கொண்டாள்.

இரவு ஷிப்டு முடித்து வந்த நர்ஸ் ஒருத்தி கண்ணைத் தேய்த்தபடி சொன்னாள்: "பன்னெண்டு மணி நேரம் எல்லார்கிட்டயும் சிரிச்சாச்சு. இங்க வந்து இன்னொருத்தர்கிட்ட சிரிக்க முகத்துல தெம்பில்ல. மிஷின்கிட்ட சிரிக்க வேண்டாம். அது எவ்ளோ நிம்மதின்னு உங்களுக்குத் தெரியாது."

லொரெய்ன் அதை எப்படி எழுதினாள் தெரியுமா? 'நர்ஸ். மிஷின் பிடிக்கும்.' அவ்வளவுதான். மிஷினைத் திட்டியவர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினாள், கொட்டை எழுத்தில். மிஷினைப் பாராட்டியவர்களை எறும்பு எழுத்தில் ஒரு வரிக்குள் அடைத்தாள். அதைச் செய்கிறோம் என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கை தானாக அப்படிப் போனது.

செவ்வாய்க்கிழமை மதியம் டெஸ்மண்ட் ஃபெதர்ஸ்டோன் வந்தார். எழுபத்தொன்பது வயது. உயிர்காப்புப் படகில் முப்பது வருடம் போய்வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். இப்போது பார்க்கின்சன் நோய். வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

"எழுதிக்கோ கண்ணு," என்றார். "பத்தடி அலையில கயிறு வீசுன கை இது. அப்ப நடுங்கல. இந்த மிஷின் முன்னாடி வந்து நின்னா நடுங்குது. ரொட்டிய வெச்சா ஆடுது, அது எடைய ரெண்டு தரம் பாக்குது. உடனே மேல சிவப்பு லைட்டு. கடையே திரும்பி என்னையப் பாக்குது. போன மாசம் ஒரு பையன் வந்து என் பையத் திறந்து பாத்தான். சாமான அங்கயே வெச்சுட்டு வெளிய போயிட்டேன்."

"ஜாய்ஸ்கிட்ட வரலாமே?"

"இன்னைக்கு ஒருத்தர் கார்ல ஏத்திட்டு வந்தார். மத்த நாள்ல நான் வர்றதுக்குள்ள அவ நாலு மணிக்குப் போயிருவா. என்னைய டாக்டர்கிட்டருந்து கூட்டிட்டு வர்ற பஸ் நாலே காலுக்கு வருது."

லொரெய்ன் அதை முழுப் பக்கத்துக்கு எழுதினாள். எழுதி முடித்துப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள். இதற்காகத்தான் வந்தோம், இது போதும் என்று நினைத்தாள்.

அன்றைக்கே நான்கு மணி சுமாருக்கு முப்பது வயசுக்காரன் ஒருவன் மிஷினில் பில் போட்டுவிட்டு வெளியே போகப் பார்த்தான். கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவர்கள் போடும் ஆரஞ்சு சட்டை. முகம் தெரிந்த முகமாக இருந்தது, பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. நிறுத்திக் கேட்டாள்.

"ர... ர... ரோரி," என்றான். திக்குவாய். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும்போது அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். "எனக்கு மி... மிஷின் பிடிக்கும். ரொம்ப."

"சரிப்பா," என்று பேனாவை எடுத்தாள்.

"ஏன்னு கே... கேக்க மாட்டீங்களா?"

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க அஞ்சாம் நம்பர் க... கவுண்டர்ல இருந்தீங்க. நான் ஒரு வார்த்தைய ஆரம்பிப்பேன். நீங்க மு... முடிச்சிருவீங்க. எப்பவும். நல்ல மனசோடதான், எனக்குத் தெரியும். ஒருநாள் 'ப'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க 'பையா கண்ணு'ன்னு கேட்டு, ஒண்ண எடுத்து என் சாமானோட சேத்து பில்லும் போட்டுட்டீங்க. நான் சொல்ல வந்தது 'ப... பரவால்ல'."

பின்னால் தானியங்கிக் கதவு திறந்து மூடியது. குளிர்காற்று உள்ளே வந்தது.

"அதுக்கப்புறம் டிரிஃபீல்டுக்குப் போய் சாமான் வாங்குனேன். பன்னெண்டு மைல். மிஷின் வந்தப்புறம்தான் தி... திரும்பி வந்தேன். அது எனக்காக எதையும் முடிக்காது. இதையும் எழுதுங்க."

லொரெய்ன் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை பேருக்கு அப்படி முடித்துக் கொடுத்திருப்போம்? பத்தொன்பது வருடமாக அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தாள். வரிசையில் நிற்பவர்களே அவளைப் பாராட்டுவார்கள், வாயைத் திறக்குமுன் புரிந்துகொள்கிறவள் என்று.

"மெதுவாச் சொல்லு," என்றாள். "முதல்லருந்து. நான் ஒரு வார்த்தை விடாம எழுதுறேன்."

ஒன்றரைப் பக்கம் வந்தது. அஞ்சாம் நம்பர் கவுண்டர், பை, பரவால்ல எல்லாம் இருந்தன. வாசித்துக் காட்டினாள். ரோரி கையெழுத்துப் போட்டான். கவுண்டரை எடுத்துவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, "எதுக்கு எ... எடுக்கணும்? எங்கம்மா ஜாய்ஸ்கிட்டதான் போறாங்க," என்றான்.

அன்று வீட்டுக்குப் போனதும் லொரெய்ன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். கொட்டை எழுத்தும் எறும்பு எழுத்தும் அப்போதுதான் கண்ணில் பட்டன. லீட்ஸ்காரர்கள் டேப்பில் செய்ததை நான் பேனாவில் செய்திருக்கிறேன் என்று புரிந்தது. புதன்கிழமை விடிந்ததும் வாசலில் நின்று, எறும்பு எழுத்தில் அடைத்தவர்களை வரவரப் பிடித்து நிறுத்தினாள். நர்ஸையும் பிடித்தாள். "மன்னிச்சுக்கோம்மா, அன்னைக்கு நீ சொன்னத நான் சரியா எழுதல. இன்னொரு தரம் சொல்லு." வராதவர்களில் முகவரி தெரிந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். வெங்காயக்காரன் மட்டும் கதவைத் திறக்கவில்லை.

மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். டேப்பை லீட்ஸுக்குக் கொடுத்தாள். நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஜாய்ஸ் போன் பண்ணினாள்.

"வாசல்ல பலகை வெச்சிருக்காங்க. 'பிரிட்லிங்டன் வாடிக்கையாளர்களில் 97 சதவீதம் பேருக்கு எங்கள் தானியங்கி வசதி பிடித்திருக்கிறது'ன்னு. ஒண்ணாம் தேதியோட ரெண்டு கவுண்டரையும் எடுக்கிறாங்க. வியாழக்கிழமை காபி பகுதியில கூட்டமாம். கேக் தராங்களாம். உனக்குக் குடுத்த மாதிரியேதான், எலுமிச்சை கேக்கு."

"தொண்ணூத்தேழு எப்படி வந்துச்சு?"

"நீதானே கேட்ட?"

லொரெய்ன் யோசித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று ஆறு பேர் ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டார்கள். மீதி ஆறு பேர் தொடமாட்டேன் என்று டேப்பைத் திருப்பிக் கொடுத்தவர்கள். அந்த ஆறு பேர்தான் மூன்று சதவீதம்.

"ஜாய்ஸ்," என்றாள், "வியாழக்கிழமை நானும் வரேன்."

காபி பகுதியில் அறுபது எழுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடமில்லாதவர்கள் தள்ளுவண்டிகளில் சாய்ந்து நின்றார்கள். மண்டல இயக்குநர் ஃபியோனா தாக்ரே லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், எடுப்பான நீலக் கோட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல். கடை மேலாளர் ஸ்டூவர்ட் அவளுக்குப் பக்கத்தில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்க விருப்பம்," என்றாள் ஃபியோனா. "நாங்களா முடிவு பண்ணல. உங்ககிட்ட கேட்டோம். நீங்க சொன்னீங்க."

லொரெய்ன் எழுந்தாள். நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "மேடம், கேட்டது நான்தான். அந்த மூணு நாளும் வாசல்ல நின்னது நான். உங்க டேப்புல பிடிக்கலன்னு சொல்ல இடமே இல்ல. அதனால ஜனங்க சொன்னத இந்த நோட்டுல எழுதினேன். கையெழுத்தும் இருக்கு. மிஷின் மட்டும் போதும்னவங்க அறுபத்தொரு பேர். ஆள்தான் வேணும்னவங்க எழுபத்திநாலு. ரெண்டும் இருக்கட்டும், நாளைப் பொறுத்துன்னவங்க எழுபத்தேழு. மிச்சமிருக்கிற ரெண்டு கவுண்டரையும் எடுத்துருங்கன்னு சொன்னவங்க எத்தனை பேர் தெரியுமா? ஒம்போது பேர்."

கூட்டத்தில் சலசலப்பு. ஃபியோனா ஸ்டூவர்ட்டிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"திருமதி பிக்கர்ஸ்கில், நீங்க இந்தக் கடையில வேலை பாத்தவங்க, இல்லையா? மிஷின் வந்ததால வேலை போனவங்க. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா வருத்தத்துல எழுதின நோட்ட நாங்க எப்படி எடுத்துக்க முடியும்? உங்களுக்குப் பிடிச்சதை மட்டும் எழுதியிருக்கலாமே?"

லொரெய்ன் நோட்டை மூடிக்கொண்டாள். ஏனென்றால் ஒன்றரை நாள் அவள் அதைத்தான் செய்திருந்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின் வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

ரோரி எழுந்து நின்றான். ஆரஞ்சு சட்டை. எழுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பே... பேர் ர... ர..." என்றான். கண்ணை மூடினான். வார்த்தை வரவில்லை. முன் வரிசையில் ஒரு பெண்மணி இரக்கப்பட்டு "ராபர்ட்டா தம்பி? ராபின்?" என்று தொடங்கினாள். லொரெய்ன் அவள் தோளில் கையை வைத்தாள். "அவர் சொல்லுவார்," என்றாள் மெதுவாக. "நாம காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். காபி மிஷின் உஸ் என்று ஆவி விட்டு அடங்கியது.

"ரோரி. எனக்கு மிஷின்தான் பி... பிடிக்கும். நான் சொன்னதும் அந்த நோட்டுல இருக்கு. அவங்களப் பத்தி நான் சொன்ன கு... குறையும் இருக்கு. படிக்கச் சொல்லுங்க."

லொரெய்ன் படித்தாள். ஒன்றரைப் பக்கத்தையும், ஒரு வார்த்தை தள்ளாமல். அஞ்சாம் நம்பர் கவுண்டர் வந்தபோது குரல் இறங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. 'பரவால்ல' என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு நர்ஸ் சொன்னதைப் படித்தாள். ஆசிரியை சொன்னதைப் பெயர் சொல்லாமல் படித்தாள். "ஜாய்ஸ் பேரன் வகுப்பு" என்ற வரியைச் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டாள். மிஷினுக்கு ஆதரவாகப் பேசியவர்களையே வரிசையாகப் படித்துக்கொண்டு போனாள். நிறுத்தியபோது ஃபியோனாவின் சிரிப்பு போயிருந்தது.

"இது வருத்தத்துல எழுதினதா மேடம்?" என்றாள்.

ஃபியோனா கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். பிறகு, "சரி," என்றாள். "ஆனா மிஷின்ல யாருக்குக் கஷ்டமோ, அவங்களுக்கு உதவ ஆள் இருக்காங்க. யாரும் கைவிடப்படல."

"அப்படியா?" டெஸ்மண்ட் எழுந்தார். "எனக்கு அரை டஜன் முட்டை, ஒரு ரொட்டி, ஒரு பாட்டில் கறுப்பு பீர் வேணும். நீயே வந்து உதவேன் கண்ணு."

அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, அதை அவளுக்கு ஒரு மார்க்காகப் போட வேண்டும். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரோடு நடந்தாள். கூட்டமே பின்னால் எழுந்து போனது.

மூன்றாம் நம்பர் மிஷின். டெஸ்மண்ட் ரொட்டியைக் காட்டி வைத்தார். கை ஆடியது, ரொட்டி ஆடியது.

'பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத அசைவு. பொருளை எடுத்து மீண்டும் வைக்கவும்.'

எடுத்து வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "நான் வைக்கிறேன்," என்று ஃபியோனா ரொட்டியை வாங்கி வைத்தாள். முட்டையையும் வைத்தாள். பீரைக் காட்டினாள்.

'வயதை உறுதி செய்ய வேண்டும். உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும்.'

"எனக்கு எழுபத்தொன்பது," என்றார் டெஸ்மண்ட் மிஷினிடம். "மீசையப் பாத்தாத் தெரியல?"

உதவியாளர் என்று யாரும் வரவில்லை. அன்றைய உதவியாளர் பையன் கூட்டத்துக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். ஃபியோனா திரையில் எதையோ அழுத்தினாள். ஊழியர் அட்டை கேட்டது. அவளுடைய அட்டை லீட்ஸ் அட்டை, இந்தக் கடை மிஷின் அதை ஏற்கவில்லை. இரண்டு கையாலும் முயற்சி செய்வதற்காகத் தோளில் இருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

'பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள் உள்ளது.'

"அது என் கைப்பை!" என்று கத்தினாள் மண்டல இயக்குநர்.

'எதிர்பாராத பொருளை அகற்றவும்.'

முதலில் சிரித்தவர் ஸ்டூவர்ட்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அதனால் இன்னும் சத்தமாகக் கேட்டது. பிறகு கடையே சிரித்தது. பாலாடைக்கட்டிப் பக்கம் ஒன்றும் தெரியாமல் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபியோனா ஒரு நிமிடம் சிவந்துபோய் நின்றாள். அப்புறம் அவள் உதடும் கோணியது, தலையை ஆட்டிக்கொண்டு அவளும் சிரித்துவிட்டாள்.

"இங்க கொண்டா டெஸ்மண்ட்," என்று ஜாய்ஸ் தன் கவுண்டரிலிருந்து கூப்பிட்டாள். ரொட்டி, முட்டை, பீர். முட்டைப் பெட்டியைத் திறந்து ஒன்றும் உடையவில்லை என்று பார்த்து மூடினாள், பையில் அடுக்கினாள், பணத்தை வாங்கினாள், டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்டாள். எல்லாம் முடிய ஒரு நிமிடம் ஆகவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது யாரோ கைதட்டினார்கள். ஒருவர் பத்துப் பேரானார்கள், பத்து எழுபதானது. டெஸ்மண்ட் கோப்பை வாங்கியவர் போல பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முட்டை உள்ளே இருக்கிறது என்று ஜாய்ஸ் அலறினாள்.

ஃபியோனா லொரெய்னிடம் வந்தாள். "அந்த நோட்டு எனக்கு வேணும்."

"நோட்டு என்னோடது. வேணும்னா நகல் எடுத்துக்கோங்க. மாடியில மிஷின் இருக்கு. அந்த மிஷின் நல்லா வேலை செய்யும்."

மூன்று வாரம் கழித்து வாசல் பலகை மாறியது. கழற்றிய கவுண்டர்களில் ஒன்றைத் திரும்ப மாட்டி, திறந்ததிலிருந்து மூடும்வரை மூன்று கவுண்டர்களில் ஆள் இருக்கும் என்று எழுதியிருந்தது. எட்டு மிஷின்களும் அப்படியே இருக்கும். அவற்றில் நான்கு இனிமேல் வாயைத் திறக்காது. எடை பார்ப்பதில் பொறுமை கூட்டப்படும். பெயரில்லாமல் அடியில் ஒரு வரி: 'இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நன்றி.' ஜாய்ஸ் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்து லொரெய்னுக்கு அனுப்பினாள். படத்தில் பாதி அவள் கட்டைவிரல்தான் இருந்தது.

கருத்துக்கணிப்பு நிறுவனம் லொரெய்னை வேலையை விட்டு எடுத்தது. விதிமுறை மீறல் என்று இரண்டு பக்கக் கடிதம் வந்தது. அவள் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டாள், வருகிறவர்கள் படிக்கட்டும் என்று. அந்த வாரமே ஸ்டூவர்ட் கூப்பிட்டார்.

"மூணாவது கவுண்டருக்கு ஆள் வேணும் லொரெய்ன். நீ வருவியா?"

"வாரத்துக்கு மூணு நாள். முதுகு சாய்ற நாற்காலி. மத்தியானம் அரை மணி நேரம் முழுசா சாப்பாட்டுக்கு. அப்புறம் அந்தப் பூ வாளியெல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்கோங்க."

"பேரம் பேசறதுக்கு எங்க கத்துக்கிட்ட?"

"வாசல்ல நின்னு மூணு நாள். ஜனங்க என்ன கேட்டாங்கன்னு எழுதினேன், நானும் கேக்கக் கத்துக்கிட்டேன்."

நாற்காலி வந்தது. டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, கடலிலிருந்து மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருக்க, அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். கவுண்டருக்கு மேலே மூன்று என்று எண் எரிந்தது. இந்தப் பக்கம் ஜாய்ஸ், அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மூன்று வரிசைகளும் நிறைந்துகொண்டு வந்தன. மிஷின் பக்கமும் வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். பேசாத நான்கில் இரண்டு மிஷின்களுக்கு ஆட்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதல் ஆளாக வெளியூர்க்காரன் ஒருவன் வந்தான். நனைந்த ஜாக்கெட், கையில் ஒரே ஒரு பெட்டி தேநீர்த்தூள். தனக்குப் பின்னால் நீளும் வரிசையையும் லொரெய்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஏங்க, இந்தக் கடையில மிஷின் இல்லையா? எனக்கு யார்கிட்டயும் பேசிட்டு நிக்க நேரமில்ல."

லொரெய்னுக்கு அன்று முழுக்க அடங்காத சிரிப்பு ஒன்று வந்தது. எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் கண்ணு. எட்டு இருக்கு. போ, ராஜா மாதிரி போ!"